மூளையில் இடம் மாறிய உலோகங்கள்

முட்டையின் வெள்ளைக்கருவைச் சிறிது நீரில் கலக்கி, அதனுடன் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் இரண்டொரு சொட்டு மயில்துத்தக் கரைசலையும் சேர்த்தால் ஊதா நிறம் தோன்றும். புரதம் இருப்பதைக் காட்டும் பையூரெட் சோதனை இது. பள்ளி ஆய்வகத்தில் நீங்களும் இதைச் செய்திருக்கலாம். அந்த நிறம் எங்கிருந்து வந்தது? மயில்துத்தத்திலுள்ள செம்பு அயனி, புரதச் சங்கிலியிலுள்ள நைட்ரஜன் அணுக்களைப் பற்றிக்கொள்வதால்தான் ஊதா நிறம் உண்டாகிறது.

உலோக அயனி புரதத்தைப் பற்றும் இந்நிகழ்ச்சி மனித மூளையிலும் நடைபெறுகிறது. முதியோரின் நினைவாற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் அல்சைமர் நோயில் அதற்கு என்ன பங்கு? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியலார் இதை ஆராய்ந்து வருகின்றனர்.

வெள்ளி காட்டிய படிவுகள்

1901-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், நினைவு குலைந்த 51 வயதுப் பெண்மணி ஒருவரை மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் பரிசோதித்தார். 1906-இல் அப்பெண்மணி இறந்தபின், அவரது மூளையின் மெல்லிய சீவல்களுக்கு வெள்ளி உப்பைக் கொண்டு நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்புச் செல்களுக்கு இடையே படிவுகளும், செல்களுக்குள்ளே சிக்கலான இழைகளும் தெரிந்தன.

அப்படிவுகள் எதனால் ஆனவை என்பது தெரிய நெடுங்காலம் ஆயிற்று. 1984-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வாங்கும், இந்நோயால் இறந்தவர்களின் மூளை இரத்தக் குழாய்களிலிருந்து ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு, மூளைப் படிவுகளிலும் அதுவே இருப்பது தெரியவந்தது. இன்று அதனை அமிலாய்டு பீட்டா என்கிறோம்.

பற்றும் கைகள்

அமிலாய்டு பீட்டா, பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 6, 13, 14 ஆகிய இடங்களில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. ஹிஸ்டிடினின் வளையத்திலுள்ள நைட்ரஜன் அணு, தன்னிடமுள்ள எலெக்ட்ரான் இணை ஒன்றைச் செம்பு அல்லது துத்தநாக அயனிக்கு ஈந்து பிணைப்பை உண்டாக்கும். இம்மூன்று ஹிஸ்டிடின்களும் உலோகத்தைப் பற்றும் மூன்று கைகள் எனலாம்.

ஒரே துத்தநாக அயனியை இரண்டு சங்கிலிகளின் கைகள் பற்றினால் என்னவாகும்? சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். 1994-இல் ஆஷ்லி புஷ், ருடால்ப் டான்சி ஆகியோரின் குழுவினர், கரைசலில் இருந்த அமிலாய்டு பீட்டா துத்தநாகம் பட்டதும் விரைவில் திரண்டுவிடுவதைக் கண்டனர். செம்பு வேறொரு தீங்கும் செய்ய வல்லது. அது ஓர் எலெக்ட்ரானை ஏற்பதும் அதனை ஆக்சிஜனுக்குக் கொடுப்பதுமாக மாறி மாறி இயங்கி, செல்லுக்கு நஞ்சான ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும்.

எலிகள் கூறும் செய்தி

எலிகளும் சுண்டெலிகளும் எவ்வளவு முதுமை அடைந்தாலும் அவற்றின் மூளையில் இப்படிவுகள் இயற்கையாகத் தோன்றுவதில்லை. அவற்றுக்கும் அமிலாய்டு பீட்டா உண்டு. ஆனால் நமது சங்கிலியிலிருந்து அது மூன்று இடங்களில் மட்டும் மாறுபடுகிறது. அவற்றுள் ஒன்று 13-ஆம் இடம். அங்கே ஹிஸ்டிடினுக்குப் பதிலாக அர்ஜினின் இருக்கிறது. ஒரு கை குறைந்ததால் உலோகத்தின் பிடி தளர்கிறது. இதுவே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் சிந்திக்க வைக்கும் குறிப்பு.

அகற்றினால் குணமாகுமா?

படிவுகளில் செம்பு, துத்தநாகம், இரும்பு ஆகியவை சுற்றியுள்ள பகுதியைவிட மிகுதியாக இருப்பது 1998-இல் அளந்து காட்டப்பட்டது. அப்படியானால் உலோகத்தை நீக்கினால் நோய் தீருமா? கிளியோகுவினால் என்னும் பழைய மருந்து, மனித மரபணு புகுத்திய சுண்டெலிகளில் ஒன்பது வாரங்களில் படிவுகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்று 2001-இல் செய்தி வந்தது. அதன் வழிவந்த பி.பி.டி. 2 என்னும் மருந்தோ, 2014-இல் வெளியான மனிதச் சோதனை முடிவுகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இரும்பைப் பற்றி வெளியேற்றும் டெபரிபிரோன் மருந்தை உட்கொண்டவர்களுக்கு, வெற்று மாத்திரை உட்கொண்டவர்களைவிட அறிவாற்றல் வேகமாகக் குறைந்தது என 2024-இல் வெளியான ஆய்வு கூறியது.

இதில் வியப்பில்லை. இந்த உலோகங்கள் மூளைக்கு அந்நியமானவை அல்ல. செல்கள் ஆற்றல் பெறச் செம்பும் இரும்பும் தேவை. சில நரம்புச் செல்கள் துத்தநாகத்தை நுண்ணிய பைகளில் சேர்த்து வைத்து, செய்தி அனுப்பும்போது வெளியிடுகின்றன. ஆகவே, உலோகம் இருப்பது குற்றமன்று. இருக்க வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் தேங்குவதே கவலைக்குரியது. அப்படித் தேங்குவது நோயின் காரணமா, விளைவா என்பது இன்னும் தீராத வினா.

எனவே, இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள செம்புக் குடத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! நோயுற்ற இடத்தில் ஒரு பொருளைக் கண்டதாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டலாகாது. அதனை நீக்கிப் பார்த்து, விளைவை அளந்த பிறகே அறிவியல் தீர்ப்புச் சொல்லும்.