பழுத்தும் பச்சை

போன வாரம் தே தாரிக் குடிக்கும்போது அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, ஜொகூரில் அன்னாசி விளையுது, ரம்புத்தான் விளையுது. சீனப் பெருநாள் ஆரஞ்சு மட்டும் ஏன் கப்பலில் வருது?" தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

மரம் இங்கேயும் வளரும், காய்க்கும். தோல்தான் நிறம் மாறாது. தோலிலுள்ள பச்சையம் சிதைய இரவுக் குளிர் வேண்டும். ஏறக்குறைய 13 டிகிரிக்கு இறங்க வேண்டும். ஜொகூர் பாருவில் விடியற்காலையிலும் 22க்குக் கீழே போவது அபூர்வம். திரெங்கானுவில் விளையும் லிமாவ் மாடு (மலாயில் 'மாடு' என்றால் தேன், பயப்பட வேண்டாம்) உள்ளே இனித்தாலும் வெளியே பச்சை தீராது. பெருநாளுக்கு அது ஆகாது. பெருநாள் பழத்தின் பெயர் தியோச்சியூ சீனர் பேச்சில் 'பெரும் நற்பேறு' போல ஒலிக்கும், கண்டோனியத்தில் 'பொன்' போல. பச்சைப் பொன்னை யார் வாங்குவார்? அதனால் பூஜியான் மாநிலத்து யோங்சுன் மலைச்சரிவுகளிலிருந்து லோகாம் என்ற வகை பெட்டி பெட்டியாக வருகிறது. பெருநாளில் ஒரு வீட்டுக்கு இரண்டு கொண்டு போனால், திரும்பும்போது கையில் வேறு இரண்டு வரும்.

எலுமிச்சை, பம்ளிமாசு, ஆரஞ்சு எல்லாம் அடங்கிய பேரினத்தின் பூர்வீகம் அசாம், வட மியன்மார், யுன்னான் வட்டாரம். நாம் பிழிந்து குடிக்கும் ஆரஞ்சு, இந்தப் பெருநாள் ஆரஞ்சுக்கும் பம்ளிமாசுக்கும் பிறந்த பிள்ளை. 1178லேயே ஹான் யன்ஜி என்ற சீன அதிகாரி வென்சோ பகுதியின் 27 வகைகளை எழுதி வைத்துவிட்டார்.

பயிரிடுகிறவருக்கு நிறம் சின்னக் கவலை. பெரிய கவலை ஹுவாங்லோங்பிங். தியோச்சியூக்காரர்களின் சொந்த ஊரான சாவ்ஷான் விவசாயிகள் வைத்த பெயர். மஞ்சள் தளிர் நோய் என்று பொருள். அரிசி மணியைவிடச் சிறிய ஒரு பூச்சி, சாற்றை உறிஞ்சும்போது பாக்டீரியாவை ஏற்றிவிடுகிறது. மரத்தின் உணவுக்குழாய் அடைபட்டுப் போகும். மருந்து கிடையாது, வெட்டி எடுப்பதுதான் வழி. மலேசியத் தோட்டங்கள் பலவும் இதில்தான் அழிந்தன. கொடைக்கானல் கமலா ஆரஞ்சு நலிந்ததிலும் இந்த நோய்க்குப் பங்குண்டு.

"வைட்டமின் சி?" என்றான். 100 கிராமில் சுமார் 27 மில்லிகிராம். கொய்யாவில் 200க்கு மேல். சத்துக்காக என்றால் பாசாரில் கொய்யா வாங்கு என்றேன்.

இன்னொன்று: பறித்த பிறகு ஆரஞ்சு பழுக்காது, மாம்பழம் மாதிரி அரிசிக்குள் புதைத்துப் பயனில்லை. நிறத்தைப் பார்க்காமல், கையில் கனக்கிறதை எடுங்கள்.