கொடுங்கை: கல்லுக்குள் இருக்கும் மரம்

'கொடுங்கை' என்றதும் பலருக்குக் கொடுமைதான் ஞாபகத்துக்கு வரும். புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு மட்டும் வேறொன்று தோன்றும். மண்டபத்தின் விளிம்பில், மழைநீரை வெளியே தள்ளுகிற மாதிரி வளைந்து இறங்குகிறதே கல்கூரை, அதுதான் கொடுங்கை. "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக எந்த வேலையும் செய்து தருகிறோம்" என்று அந்தக்கால ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம். செவிவழிச் செய்திதான், ஆனாலும் வேலையின் கஷ்டம் புரியும்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'கொடு' என்றால் வளைந்த. வில்லுக்குக் கொடுமரம் என்று ஒரு பெயர் உண்டு. கொடுவாள் நமக்குத் தெரியும். நேராக இருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். பக்கத்து மாவட்டத்துப் பிரான்மலையின் பழைய பெயரும் கொடுங்குன்றம்தான். சரி, 'கை'? ஓட்டுவீட்டுக் கூரையில் மேலிருந்து சரிவாக இறங்கும் சட்டத்தைக் 'கைமரம்' என்கிறோம் இல்லையா, அந்தக் கைதான் இது என்பது என் எண்ணம். ஆக, கொடுங்கை என்றால் வளைந்த கைமரம்.

சிற்ப நூல்கள் இதே உறுப்பைக் 'கபோதம்' என்கின்றன. வடமொழியில் கபோதம் என்றால் புறா. அந்தப் பெயர் உருவத்தைச் சொல்கிறது, தமிழ்ப் பெயர் தச்சு வேலையைச் சொல்கிறது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. ஆவுடையார்கோயிலில் கொடுங்கைக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். வளைந்த சட்டங்கள், குறுக்கே ரீப்பர், அவற்றை இணைக்கும் ஆணிகள், எல்லாமே கல். கல்லுக்கு ஆணி எதற்கு? மரத்தில் இருந்ததால் கல்லிலும் வந்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலை அமைத்தேன் என்று மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் சொல்கிறான். அதற்கு முன் கோயில்கள் எதனால் கட்டப்பட்டன என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு பொறியாளனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டங்கள் வெறும் அலங்காரம் இல்லை. மெல்லிய பலகைக்கு அடியில் விலா போல ஒரு தடிப்பு விட்டால், எடை அதிகம் கூடாமலே வளையாத உறுதி கூடும். இன்றைய கான்கிரீட் கூரையில் பீம் செய்கிற வேலையும் இதுதான்.

விலா என்றதும் படகு நினைவுக்கு வருகிறது. ஆவுடையார்கோயிலிலிருந்து கிழக்கே போனால் மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடற்கரை ஊர்கள். மரப்படகில் அடிமரம் 'ஏரா'. அதிலிருந்து இரு பக்கமும் வளைந்து எழும் விலாச்சட்டம் 'வங்கு'. பழந்தமிழில் 'வாங்கு' என்றால் வளை என்று ஒரு பொருள் உண்டு. கையில் வளைத்துப் போடும் வங்கியும் இதே குடும்பமாக இருக்கலாம்.

வங்குக்கு நேரான பலகையை வளைவாக அறுத்தால் ஆகாது. மரத்தின் நார் நடுவில் அறுபட்டு, அலை அடிக்கும்போது அந்த இடத்தில் பிளந்துவிடும். அதனால் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுப்பார்கள். கருவேலம் இதற்குப் பேர்போனது. அதில் நார் வளைவோடு சேர்ந்தே ஓடும். வீட்டுத் தச்சரும் வளைந்த கைமரத்துக்கு இப்படித்தான் மரம் தேடியிருக்க வேண்டும். படகைக் கவிழ்த்துப் பாருங்கள்: ஏரா கூரையின் முகடு, வங்கு கொடுங்கை, மேலே பலகை. தலைகீழாக நிற்கும் ஒரே கட்டுமானம்!

கல்லில் நாரே கிடையாது. ஆனாலும் சிற்பி அந்த வளைவை விடவில்லை, ஆணியைக்கூட விடவில்லை. மரக்கூரைகள் மக்கிப்போன பிறகும் அவை எப்படி இருந்தன என்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

மரப்படகுக்கு அப்படி ஒரு கல் நகல் இல்லை. இப்போது கரையில் நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அச்சில் வார்த்து எடுப்பதால் வளைந்த கிளைக்கு வேலை இல்லை, அதைக் குறித்த சொற்களுக்கும் வேலை இல்லை. உங்கள் ஊரில் மரப்படகு கட்டிய ஆசாரி யாராவது இருந்தால், ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் கேட்டு எழுதி வையுங்கள். 'வங்கு' என்பதற்கு அவர் வேறொரு சொல் சொன்னால், அதை முதலில் எழுதுங்கள்.