நாளைக்கே ரயில் திரும்பி வரலாம்!

தண்டவாளத்துக்குக் கீழே இருக்கிற நிலம் யாருக்குச் சொந்தம்?

"இதென்ன கேள்வி, ரயில்வேக்குத்தான்" என்பீர்கள். அமெரிக்காவில் விஷயம் அவ்வளவு லேசு இல்லைங்க. 19-ஆம் நூற்றாண்டில் தனியார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பாதை போட்டபோது, சில இடங்களில் நிலத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். வேறு பல இடங்களில் வாங்கியது வெறும் வழி உரிமை மட்டும்தான். அதாவது "உன் நிலத்து வழியா ரயில் விட்டுக்கறேன், நிலம் உன்னோடதாவே இருக்கட்டும்" என்கிற ஒப்பந்தம். ரயில் ஓடுகிற வரைக்கும் உரிமை செல்லும். ரயிலை நிறுத்தி, பாதையைக் கைவிட்டாச்சு என்று ஆனால் அந்த உரிமையும் காலி. நிலம் அப்போது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே முழுசாகப் போய்விடும்.

இதில் என்ன பிரச்சினை? 1916 வாக்கில் இந்த நாட்டில் சுமார் 2,54,000 மைல் ரயில் பாதை இருந்தது. அதுதான் உச்சம். அப்புறம் லாரி வந்தது, பெரிய நெடுஞ்சாலைகள் வந்தன, பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஐம்பது மைல் நீளப் பாதை ஒன்று மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நூறு பேர் நிலத்து வழியாகப் போகும். அதில் ஒரே ஒருத்தர் குறுக்கே வேலி போட்டாலும் பாதை போச்சு. நாளைக்கு ரயிலோ நடைபாதையோ வேண்டுமென்றால் நூறு பேரிடமும் திரும்பப் போய் நிற்க வேண்டும். ஒரு நீளமான நிலத்தோட மதிப்பே அது அறுபடாமல் இருப்பதில்தானே இருக்கிறது?

இதுக்கு 1983-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வழி கண்டுபிடித்தது பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம். பேர், ரெயில் பேங்கிங். பணத்தை வங்கியில் போட்டு வைப்பது போலப் பாதையைப் போட்டு வைப்பது. "இந்தப் பாதை கைவிடப்படவில்லை. கொஞ்ச நாள் ஓய்வெடுக்கிறது. பின்னாடி தேவைப்பட்டா ரயில் திரும்பி வரும். அதுவரைக்கும் ஜனங்க நடக்கட்டும், சைக்கிள் ஓட்டட்டும்." இவ்வளவுதான் சட்டம் சொல்வது. கைவிடவில்லை என்பதால் நிலம் யாருக்கும் திரும்பிப் போகாது. ஆனால் ஒரு நகராட்சியோ தன்னார்வ அமைப்போ முன்னால் வந்து பராமரிப்பு, வரி, விபத்துப் பொறுப்பு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ரயில்வேயும் சம்மதிக்க வேண்டும்.

"ரயிலாவது, திரும்பி வர்றதாவது" என்று சிரிக்காதீர்கள். சில இடங்களில் நிஜமாகவே திரும்பி வந்திருக்கிறது :)

நிலத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெர்மான்ட் மாநிலத்துத் தம்பதி ஒருவர் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1990-ல் தீர்ப்பு வந்தது: சட்டம் செல்லும், ஆனால் நிலத்தை இழப்பவர்கள் அரசிடம் நஷ்ட ஈடு கேட்கலாம். 2014-ல் வயோமிங் மாநிலத்திலிருந்து இன்னொரு வழக்கு. அந்தப் பாதையை வங்கியில் போடவில்லை, முறைப்படி கைவிட்டுவிட்டார்கள். நிலம் தனக்குத்தான் என்றது மத்திய அரசு. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிலத்துக்காரர் பக்கம் தீர்ப்பு. ஒரே ஒரு காகிதம், இருந்தால் ஒரு கதை, இல்லாவிட்டால் வேறு கதை.

இதெல்லாம் நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க நியூயார்க்கின் ஹை லைனை விட நல்ல உதாரணம் இல்லை. சுற்றுலா போன எல்லோரும் அங்கே போட்டோ எடுத்திருப்பீர்கள். அதுக்குப் பின்னால் இருக்கிற பஞ்சாயத்து இன்னும் சுவாரசியம்.

ஒரு காலத்தில் மன்ஹாட்டனின் மேற்குப் பக்கம் சரக்கு ரயில் தெருவிலேயே ஓடியது. அடிபட்டுச் செத்தவர்கள் ஏராளம். பத்தாவது அவென்யூவுக்கு 'மரண அவென்யூ' என்றே பேர். ரயிலுக்கு முன்னால் ஒருவர் குதிரையில் சிவப்புக் கொடி ஆட்டிக்கொண்டு போவாராம்! அதனால் தண்டவாளத்தை மேலே தூக்கிக் கட்டினார்கள். 1934-ல் ஓட ஆரம்பித்தது. கட்டடங்களுக்குள்ளேயே நுழைந்து சரக்கு இறக்கியது. அப்புறம் வழக்கம்போல லாரி வந்தது. 1960-களில் தெற்குப் பகுதியை இடித்தார்கள். 1980-ல் கடைசி ரயில்.

1984-ல் பீட்டர் ஒப்லெட்ஸ் என்ற ரயில் பைத்தியம் மிச்சமிருந்த பாதையை வெறும் 10 டாலருக்கு வாங்கினார். பத்தே டாலர்! ரயில் கம்பெனிக்கு அதை இடிக்கிற செலவு மிச்சம். ஆனால் பாலத்துக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் விடவில்லை. பாதை போனால்தானே அவர்கள் கட்டடம் கட்ட முடியும்? கடைசியில் அந்த விற்பனை செல்லாது என்றாகிவிட்டது. 1996-ல் ஒப்லெட்ஸ் இறந்தும் போனார்.

1999-ல் ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்ற இரண்டு பேர் ஒரு வட்டாரக் கூட்டத்தில் சந்தித்து, பாதையைக் காப்பாற்ற அமைப்பு ஆரம்பித்தார்கள். 2001 டிசம்பரில் மேயர் ஜூலியானி பதவியை விட்டு இறங்குகிற நேரத்தில் இடிப்பதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்த ப்ளூம்பெர்க் நேர் எதிர். 2002 டிசம்பரில் நகரமே ரெயில் பேங்கிங் கேட்டு மத்திய வாரியத்துக்கு மனுப் போட்டது. 2005 ஜூனில் அனுமதி, நவம்பரில் சிஎஸ்எக்ஸ் ரயில் கம்பெனி பாதையை நகரத்துக்கு இலவசமாகவே எழுதிக் கொடுத்தது. 2009, 2011, 2014 என மூன்று கட்டமாகப் பூங்கா திறந்தது. மொத்தம் 2.3 கிலோமீட்டர்.

கீழே நிலம் வைத்திருந்தவர்கள் ஏன் வழிக்கு வந்தார்கள்? அங்கேதான் இருக்கு சூட்சுமம். 2005-ல் நகரம் அந்த வட்டாரத்துக் கட்டட விதிகளை மாற்றியது. பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு உயரமாகக் கட்ட முடியாமல் போனவர்கள், அந்த 'கட்டாத மாடி'களுக்கான உரிமையைப் பக்கத்து அவென்யூக்களில் கட்டுகிறவர்களுக்கு விற்றுக்கொள்ளலாம். ஆகாசத்தை விற்றுக் காசு பார்க்கலாம்! எதிர்ப்பு அடங்கிவிட்டது.

ஆக, ரயில் கம்பெனிக்கு இடிப்புச் செலவும் பொறுப்பும் மிச்சம். நிலத்துக்காரர்களுக்கு ஆகாச உரிமை. நகரத்துக்குப் பூங்கா. புதுக் கட்டடங்களிலிருந்து வரியும் உண்டு. எல்லோருக்கும் லாபம்தானே?

ஒரு கூட்டம் விட்டுப்போச்சு. பூங்காவுக்குப் பக்கத்திலேயே ஃபுல்ட்டன், எலியட்-செல்ஸீ என்று அரசுக் குடியிருப்புகள். ஏழைகள், நடுத்தரத்துக்கும் கீழே இருப்பவர்கள். அவர்கள் வாடகை வருமானத்தைப் பொறுத்தது என்பதால் பூங்காவினால் வீடு போகவில்லை. ஆனால் சுற்றிலும் எழும்பியது கோடீஸ்வரர்களுக்கான கண்ணாடிக் கட்டடங்கள், அவர்களுக்கேற்ற கடைகள். தலைக்கு மேலே பூங்கா இருந்தும் அது தங்களுக்கானது என்று அங்கே பலருக்குத் தோன்றவில்லை. 2017-ல் ராபர்ட் ஹாமண்டே இதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். பூங்கா எப்படி இருக்கணும் என்று கேட்டோம், உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டிருக்கணும் என்கிற அர்த்தத்தில் பேசினார்.

எனக்கு இதில் உறைத்தது இதுதான். இந்தக் கதை முழுக்க, பத்திரத்தில் பேர் இருந்த ஒவ்வொருத்தருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது, ஏனென்றால் அவர்கள் கையெழுத்து தேவைப்பட்டது. வாடகைக்குக் குடியிருப்பவர் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் சட்டத்தில் இல்லை.

பழைய ரயில் நிலம் ஊருக்கு வருகிறது என்றால் நல்ல விஷயம்தான், கை தட்டலாம். ஆனால் பேரம் பேசுகிற சக்தி எல்லோருக்கும் இருப்பது அந்தக் கையெழுத்து நாள் வரைக்கும்தான். பக்கத்துக் குடியிருப்புக்கு வேலை, குறைந்த வாடகைக் கடை, பூங்கா நிர்வாகத்தில் இடம் எல்லாவற்றையும் அந்தக் காகிதத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். பூங்கா திறந்து, விலை ஏறின பிறகு கேட்டால் அது உரிமை ஆகாது, தயவு ஆகிவிடும்.

என்றைக்கோ வரலாம், வராமலும் போகலாம் என்கிற ரயிலுக்கு இடம் பிடித்து வைக்கச் சட்டம் இருக்கிறது. ஏற்கெனவே அங்கேயே குடியிருக்கிறவருக்கு இடம் பிடித்து வைக்கவும் ஒன்று போடலாமே?