கியர் பொக்ஸ் பழுதானால் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

ஹயர் ஓடும் வேனோ, கடைக்குச் சாமான் ஏற்றும் லொறியோ கியர் பொக்ஸ் பழுதாகி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடுகிறது. அந்த அவசரத்தில் பலர் பஞ்சிகாவத்தைக்குச் சென்று பாவித்த கியர் பொக்ஸ் ஒன்றை வாங்கிப் பூட்டுகின்றனர். அதன் உட்புறம் எந்த நிலையில் உள்ளது என்பது பெரும்பாலும் விற்பவருக்கே தெரியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், புதிய வாகனம் சிறு வர்த்தகர்களுக்கு எட்டாக்கனியே. எனவே இருப்பதைச் சிக்கனமாகத் திருத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

முதலில் நோயை அறிய வேண்டும். வாகனத்தை நியூட்ரலில் வைத்து இயக்கும்போது கேட்கும் இரைச்சல், கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர் பொக்ஸின் முன் தண்டிலுள்ள பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். மாறாக, மிதித்ததும் இரைச்சல் தொடங்கினால் கிளட்ச் ரிலீஸ் பெயாரிங்தான் காரணம். கியர் பொக்ஸைப் பிரிக்கவே தேவையில்லை. ஒரு கியருக்கு மாற்றும்போது மட்டும் கரகரவென்று உரசினால் அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். எல்லாக் கியர்களும் கடினமாக விழுந்தால் முதலில் கிளட்சையே பரிசோதியுங்கள்.

பழைய ஒயிலை வடித்துப் பார்ப்பதும் பயன்தரும். பொன்னிறத் தூள் சின்க்ரோ ரிங்கின் பித்தளைத் தேய்வைக் காட்டும். இரும்புத் துண்டுகள் இருந்தால் பெயாரிங்கோ பற்சில்லோ உடைந்திருக்கக்கூடும்.

கியர் பொக்ஸில் விலை கூடியவை பற்சில்லுகளும் தண்டுகளும். அவை நீண்டகாலம் உழைப்பவை. விரைவில் தேய்பவை பெயாரிங், சின்க்ரோ ரிங், ஒயில் சீல் ஆகியன. இவற்றின் விலை ஒப்பீட்டளவில் குறைவு. ஒரு பெயாரிங்கை மாற்றினாலும் அனைத்தையும் மாற்றினாலும் கழற்றிப் பூட்டும் கூலி ஏறத்தாழ ஒன்றே. ஆகவே திறந்தவுடன் தேய்ந்தவற்றை ஒரேயடியாக மாற்றி, கிளட்ச் தட்டையும் பார்த்துக்கொள்வது இலாபம்.

பெயாரிங்கின் விளிம்பில் பொறித்துள்ள இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 6206 என்றால் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மில்லிமீற்றர். பல பெயாரிங்களை இவ்வாறு இலக்கம் சொல்லி பெயாரிங் கடையிலேயே வாங்கலாம். வாகனப் பெயர் சொல்லி வாங்குவதைவிட அது மலிவாக அமைவதுண்டு. இலக்கத்தோடு வரும் எழுத்துக்களும் முக்கியம். வெளிவளையத்தில் காடி உள்ளதா என்பதை அவை காட்டும். பழையதைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது.

பூட்டிய பின் வாகனக் கையேட்டில் குறிப்பிட்ட தர ஒயிலையே ஊற்ற வேண்டும். ஜீ.எல்.4 கேட்கும் இடத்தில் ஜீ.எல்.5 ஊற்றினால் சில கியர் பொக்ஸ்களில் பித்தளை ரிங்குகள் பாதிக்கப்படலாம்.

உறை வெடித்தோ, பல பற்சில்லுகள் உடைந்தோ இருந்தால் மாத்திரம் பாவித்த கியர் பொக்ஸை நாடலாம். அப்போதும் தண்டைச் சுழற்றி, எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்த்து, மாற்றித்தரும் கால எல்லையைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கராஜிலும் கூலியை முன்கூட்டியே பேசி, கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பெறுங்கள். எதற்காகப் பணம் கொடுத்தோம் என்பதற்கு அவையே சாட்சி.