பெயரில்லாத பில்

டேட்டா மைனிங்: தொடர் – 9

வங்கிக் கடன் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் முடிவு மரங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே கணினியிடம் ஒரு கேள்வியை முன்கூட்டியே கொடுத்திருந்தோம்: இவர் கடனைத் திருப்பிக் கட்டுவாரா, மாட்டாரா? இந்த வாரம் அப்படிக் குறிப்பான கேள்வி எதுவும் இல்லை. ஒரு கடையின் பில்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, எதோடு எது சேர்ந்து வருகிறது என்று கணினியையே தேடிச் சொல்ல வைக்கிறோம். கூடைப் பகுப்பாய்வு என்று இதைச் சொல்லலாம். வாடிக்கையாளர் ஒருமுறை கடைக்கு வந்து அள்ளிச் செல்லும் மொத்தப் பொருட்கள்தான் இங்கே கூடை.

இந்த வேலைக்கு வாங்கியவர் யார் என்று தெரியவே வேண்டியதில்லை. கட்டுரை முழுவதும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்துதான் நம் உரிமை ஒன்று பிறக்கிறது.

பார்கோடு தந்த குவியல்

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ட்ராய் என்ற ஊரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ரிக்லீஸ் சூயிங்கம் பொட்டலம் ஒன்று பார்கோடு மூலம் பில் போடப்பட்டது. கடைகளில் இன்று நாம் காணும் பார்கோடு முறையின் முதல் விற்பனை அது. அதுவரை கல்லாப்பெட்டிக்குத் தெரிந்தது தொகை மட்டும்தான். அதன் பிறகுதான் எந்தப் பொருள், எத்தனை, எந்த நேரத்தில், வேறு எவற்றோடு என்பதெல்லாம் தானாகப் பதிவாகத் தொடங்கின.

1990களின் தொடக்கத்தில் பெரிய கடைத் தொடர்களிடம் இப்படிப்பட்ட பில்கள் மலையாகக் குவிந்துவிட்டன. சரக்கு இருப்பைச் சரிபார்ப்பதைத் தாண்டி இவற்றை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு, கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரிலுள்ள ஐபிஎம் அல்மடேன் ஆய்வு மையத்திலிருந்து ஒரு பதில் வந்தது. ராகேஷ் அகர்வால், தோமஸ் இமியெலின்ஸ்கி, அருண் சுவாமி ஆகிய மூவரும் 1993இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். பெரிய சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் 46,873 பில்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பில்லிலும், அந்த வாடிக்கையாளர் கடையின் 63 பிரிவுகளில் எந்தெந்தப் பிரிவில் வாங்கினார் என்பது மட்டும் இருந்தது.

கிடைத்த விதிகளில் ஒன்று: டயர் வாங்கியவர்களில் கிட்டத்தட்ட 99 சதவீதம் பேர் வாகனப் பராமரிப்புப் பிரிவிலும் பணம் கட்டியிருக்கிறார்கள்.

டயர் வாங்கினால் அங்கேயே மாட்டிக்கொண்டு போவார்கள், இதைச் சொல்லக் கணினி எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் டயர் என்றால் என்ன, கார் என்றால் என்ன என்று அந்தக் கணினிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெறும் பிரிவு எண்களை வைத்துக்கொண்டு, கடைக்காரர் பல வருட அனுபவத்தில் அறிந்ததை அது எட்டிப் பிடித்தது. தெரிந்ததைச் சரியாகச் சொல்லும் முறை, தெரியாத ஒன்றைச் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்கலாம் அல்லவா?

மூன்று எண்கள்

இத்தகைய விதி ஒவ்வொன்றையும் மூன்று எண்களால் எடைபோட வேண்டும். ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். அதில் 1000 பில்கள். கற்பூரம் 50 பில்லில் இருக்கிறது, ஊதுபத்தி 100 பில்லில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து 40 பில்லில் இருக்கின்றன.

முதல் எண், சப்போர்ட். இரண்டும் சேர்ந்து வரும் பில்கள் மொத்தத்தில் எத்தனை பங்கு? 1000க்கு 40, அதாவது 4 சதவீதம். மிகச் சில பில்களில் மட்டும் வரும் சேர்க்கை தற்செயலாக இருக்கலாம், அதை நம்பி வியாபாரத்தை மாற்ற முடியாது.

இரண்டாவது, கான்ஃபிடன்ஸ். கற்பூரம் வாங்கிய 50 பேரில் 40 பேர் ஊதுபத்தியும் வாங்கினார்கள், அதாவது 80 சதவீதம். இதைத் திருப்பிப் போட்டால் கணக்கு மாறிவிடும். ஊதுபத்தி வாங்கிய 100 பேரில் கற்பூரம் வாங்கியவர்கள் 40 சதவீதம்தான். விதிக்குத் திசை உண்டு.

மூன்றாவது, லிஃப்ட். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். அதே கடையில் பால் 800 பில்லிலும், இட்லி மாவு 250 பில்லிலும், இரண்டும் சேர்ந்து 190 பில்லிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாவு வாங்கியவர்களில் 76 சதவீதம் பேர் பாலும் வாங்கினார்கள். பலமான தொடர்பு போலத் தெரிகிறது. ஆனால் மாவு வாங்காதவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 80 சதவீதம் பேர் பால் வாங்குகிறார்கள். ஆக, மாவு வாங்கியவர்கள் பால் வாங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு! 76ஐ 80ஆல் வகுத்தால் 0.95. இதுதான் லிஃப்ட். ஒன்றுக்குக் கீழே போனால் இரண்டும் விலகுகின்றன, ஒன்றை ஒட்டி இருந்தால் தொடர்பில்லை. கற்பூரம்-ஊதுபத்திக்கு இது 8. 80 சதவீதம் என்ற எண்ணை யாராவது பெருமையாகக் காட்டினால், ‘பொதுவாக எத்தனை சதவீதம்?’ என்று கேட்கப் பழகுங்கள். கடைக்கு வெளியேயும் பயன்படும் கேள்வி அது.

எண்ணும் வேலையைக் குறைத்தவர்கள்

விதி என்ன என்பது தெளிவாகிவிட்டது. அதைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு. 1000 பொருட்கள் உள்ள கடையில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4,99,500 சோடிகள். மூன்று மூன்றாகச் சேர்த்தால் 16 கோடியே 61 லட்சத்து 67 ஆயிரம். நான்கு, ஐந்து என்று போனால் எந்தக் கணினியும் திணறும்.

1994இல் ராகேஷ் அகர்வாலும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் இதற்கு வழி சொன்னார்கள். சிலி நாட்டின் சாண்டியாகோவில் நடந்த தரவுத்தள மாநாட்டில் அவர்கள் முன்வைத்த முறையின் பெயர் அப்ரியோரி. அதன் அடிப்படை ஒரே வரியில் அடங்கும்: ஒரு பொருளே அபூர்வமாகத்தான் விற்கிறது என்றால், அது இடம்பெறும் எந்தச் சேர்க்கையும் அதைவிட அதிகமாக விற்க முடியாது.

எனவே முதலில் பொருட்களைத் தனித்தனியாக எண்ணு. போதிய அளவு விற்காதவற்றைக் கழித்துவிடு. 1000 பொருட்களில் 100தான் தேறின என்றால், ஆராய வேண்டிய சோடிகள் 4,950 ஆகச் சுருங்கிவிடும். அவற்றிலும் தேறியவற்றை மட்டும் வைத்து மூன்று பொருள் சேர்க்கைகளை உருவாக்கு. இப்படிப் படிப்படியாக ஏறும்போது வீண் எண்ணிக்கை பெருமளவு கழிந்துவிடுகிறது. தவறவிடுவதும் எதுவும் இல்லை. இதைவிட வேகமான முறைகள் பின்னால் வந்துவிட்டன. ஆனாலும் டேட்டா மைனிங் பாடநூல்கள் இந்தப் பகுதியை இன்றும் இதைச் சொல்லித்தான் தொடங்குகின்றன.

பீர், டயப்பர், புயல்

இந்தத் துறையில் ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. வெள்ளிக்கிழமை மாலை குழந்தைக்கு டயப்பர் வாங்க வரும் இளம் அப்பாக்கள் பீரும் வாங்கினார்களாம், கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்தாராம், விற்பனை எகிறியதாம்.

நடந்தது வேறு. 1992இல் டெராடேட்டா நிறுவனத்தின் தாமஸ் பிளிஷாக் தலைமையிலான குழு, அமெரிக்காவின் ஆஸ்கோ டிரக் தொடரின் சுமார் 25 கடைகளிலிருந்து 12 லட்சம் பில்களை ஆராய்ந்தது. மாலை 5 முதல் 7 மணிக்குள் பீரும் டயப்பரும் சேர்ந்து விற்பது அதில் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தது சாதாரணத் தரவுத்தள வினவல், அப்ரியோரி போன்ற முறை எதுவும் அப்போது வந்திருக்கவில்லை. கடையும் அவற்றை அருகருகே நகர்த்தி வைக்கவில்லை. அப்படியென்றால் அந்த ‘இளம் அப்பாக்கள்’ எங்கிருந்து வந்தார்கள்? கதை சொன்னவர்கள் சேர்த்துக்கொண்டதுதான். பில்லில் பொருள் இருந்தது, நேரம் இருந்தது, ஆள் இல்லை.

உண்மையிலேயே பயன்பட்ட உதாரணம் வேண்டுமானால் 2004க்கு வர வேண்டும். ஃபிரான்சிஸ் சூறாவளி ஃபுளோரிடாவை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, சில வாரங்களுக்கு முன் அடித்த சார்லி சூறாவளியின்போது என்ன விற்றது என்று வால்மார்ட் தன் பதிவுகளில் தேடியது. டார்ச் லைட் விற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஸ்ட்ராபெர்ரி பாப்-டார்ட்ஸ் என்ற இனிப்புப் பண்டம் புயலுக்கு முன் வழக்கத்தைவிட 7 மடங்கு விற்றிருந்தது. அடுப்பு தேவையில்லை, சீக்கிரம் கெடாது என்ற காரணத்தை நாம் ஊகிக்கலாம், பில் அதைச் சொல்லாது. புயல் வரும் திசையில் இருந்த கடைகளுக்கு லாரிகளில் சரக்கு முன்கூட்டியே போனது. டயர் விதி தெரிந்ததையே சொன்னது. இந்த விதியோ தெரியாததைச் சொன்னது, அதுவும் செயல்படுவதற்கு நேரம் இருக்கும்போதே சொன்னது. வியாபாரத்துக்கு வேண்டியது இப்படிப்பட்ட விதிதான்.

எந்தப் பொருளை எங்கே அடுக்குவது, எதற்கு எதை இணைத்துச் சலுகை தருவது, எவ்வளவு சரக்கு வரவழைப்பது என எல்லாவற்றுக்கும் இது உதவும். சேர்ந்து விற்கும் இரண்டு பொருட்களில் ஒன்றுக்குத் தள்ளுபடி கொடுத்தால் போதும், மற்றது முழு விலைக்கே போகும் என்பதும் இதிலிருந்து வந்த பாடம்தான்.

பெயர் சேரும்போது

இதுவரை பார்த்த எந்த உதாரணத்திலும் வாங்கியவரின் அடையாளம் தேவைப்படவில்லை. அடுத்த உதாரணத்தில் தேவைப்பட்டது.

அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு இயன்றவரை ஒரு தனி எண் கொடுத்து, அவர் பல மாதங்களில் வாங்கியவற்றை அந்த எண்ணின் கீழ் கோத்து வைத்தது. அங்கே பணியாற்றிய புள்ளியியலாளர் ஆண்ட்ரூ போல், கர்ப்பிணிகளின் வாங்கும் பழக்கம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார். மணமில்லாத லோஷன், கால்சியம், மெக்னீசியம், துத்தநாக மாத்திரைகள் என்று சுமார் 25 பொருட்களை வைத்து, ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாரா என்பதையும் பிரசவ மாதத்தையும்கூட மதிப்பிடும் முறையை உருவாக்கினார். 2012இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் இது விரிவாக வெளிவந்தது.

அதில் என்னை மிகவும் தொந்தரவு செய்த செய்தி வேறு. இப்படி அறிந்து வைத்திருப்பது பெண்களுக்குத் தெரிந்தால் பிடிக்காது என்பதை நிறுவனம் உணர்ந்துகொண்டது. உடனே குழந்தைப் பொருட்களுக்கான கூப்பன்களுக்கு நடுவே புல்வெட்டும் இயந்திரம், ஒயின் கிளாஸ் போன்றவற்றின் கூப்பன்களைக் கலந்து அனுப்பியது. எல்லாம் எதேச்சையாக வந்தது போல் தோன்ற வேண்டும் என்பதற்காக! ஒரு பெண் தன் வீட்டாரிடம்கூடச் சொல்லியிருக்காத விஷயம் அது. அதைத் தெரிந்துகொண்டதோடு, தெரியும் என்பதையும் மறைப்பது அவரை மதிக்கும் செயலாகாது.

அதே இருவர்

அப்ரியோரியைத் தந்த அகர்வாலும் ஸ்ரீகாந்தும் 2000இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். தனிநபரின் விவரத்தை அறியாமலே டேட்டா மைனிங் செய்ய முடியுமா என்பதுதான் அதன் கேள்வி. முடியும் என்று காட்டினார்கள்.

இதன் வேர் 1965இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் சொன்ன யோசனையில் இருக்கிறது. அதன் எளிய வடிவம் இது. சங்கடமான கேள்வி ஒன்றை 1000 பேரிடம் கேட்கிறோம். ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் நாணயம் சுண்ட வேண்டும். பூ விழுந்தால் ‘ஆம்’ என்று மட்டும் சொல்ல வேண்டும், தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 600 பேர் ‘ஆம்’ என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 500 ‘ஆம்’ நாணயத்தால் வந்தவை. மீதி 500 பேரில் 100 பேர் உண்மையாகவே ‘ஆம்’ என்றவர்கள். ஆக, 20 சதவீதம். மொத்தக் கணக்கு தெரிந்துவிட்டது. ஆனால் ‘ஆம்’ என்ற எந்த ஒருவரையும் சுட்டிக்காட்டி, இவர் சொன்னது உண்மையா, நாணயம் சொன்னதா என்று யாராலும் கூற முடியாது.

அகர்வாலும் ஸ்ரீகாந்தும் வயது, சம்பளம் போன்ற எண்களில் இதைப் போன்ற ஒன்றைச் செய்தார்கள். விவரம் கொடுப்பவரிடமிருந்து கிளம்பும் முன்பே எண்ணோடு ஒரு தற்செயல் எண் கலந்துவிடும். 34 வயதுக்காரர் 51 என்றோ 19 என்றோ பதிவாவார். பல ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது, கலந்த இரைச்சலின் தன்மை தெரிந்திருப்பதால் வயதுப் பரவலை ஏறக்குறைய மீட்டெடுக்கலாம். சென்ற வாரம் பார்த்த முடிவு மரத்தை அதை வைத்தே வளர்க்கலாம்.

2002இல் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு, மருத்துவர்களின் ஹிப்போக்ரடிஸ் உறுதிமொழியை முன்மாதிரியாக வைத்து, தரவுத்தளங்களுக்கென 10 கொள்கைகளை வகுத்தார்கள். எதற்காக என்று சொல், ஒப்புதல் பெறு, தேவையானதை மட்டும் சேகரி, வேலை முடிந்தால் வைத்திருக்காதே என்பவை அவற்றுள் சில. கருவியைச் செய்தவர்களே அதற்கான எல்லையையும் வகுக்க முன்வந்தார்கள். இந்தத் துறையில் நான் பெரிதும் மதிக்கும் செயல் இது.

கவுன்ட்டரில் நாம்

நம் ஊர்க் கடைகளில் பில் போடுமுன் கேட்கும் முதல் கேள்வி, “மொபைல் நம்பர் சொல்லுங்க”. கூடைப் பகுப்பாய்வுக்கு அந்த எண் வேண்டியதே இல்லை. நம் கூடைகளை ஒன்றோடொன்று கோத்து, கோத்ததன் மேல் நம் பெயரை எழுதத்தான் அது வேண்டும். அடுக்கு வரிசையை மாற்றவும் சரக்கைத் திட்டமிடவும் பெயரில்லாத பில்லே போதும் என்பதை டயரும் புயலும் காட்டிவிட்டன.

எண் தராவிட்டால் பில் போட முடியாது என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் நலத்துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது. சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சையோடு சேர்த்து உங்கள் கைபேசித் தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. நீங்கள் இரண்டுக்கும் சரி சொல்லியிருந்தாலும், சிகிச்சைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை என்பதால் அந்த ஒப்புதல் சிகிச்சைக்கு மட்டுமே.

சலுகைப் புள்ளிகளுக்காக எண்ணைத் தருவது உங்கள் விருப்பம், அதில் தவறில்லை. ஆனால் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து கொடுங்கள். தர விருப்பமில்லையென்றால், “நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க” என்று தயங்காமல் சொல்லுங்கள். கடை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எண் கேட்பதற்கு முன், அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று வாடிக்கையாளரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அந்த எண் உங்களுக்குத் தேவையில்லை.

அடுத்த வாரம்: வாடிக்கையாளர்களை யாரும் வகை சொல்லாமலே குழுக்களாகப் பிரிக்கும் கிளஸ்டரிங் முறை. எத்தனை குழு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

(தொடரும்)