மேட்டில் வண்டி பின்னால் உருளுதா? கிளட்ச் பழகலாம் வாங்க



மலைக் கிராமக் குழுக்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பேச்சு வருது. "தரையில நல்லா ஓட்டிடறேங்க. மேட்டுல நின்னுட்டா மட்டும் வண்டி ஆஃப் ஆயிடுது, இல்லன்னா பின்னாடி உருளுது. பயந்து இறங்கிடறேன்." இறங்கினதும் பின்னால் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரோ மகனோ முன்னால் வந்துவிடுகிறார். அதோடு கற்றுக்கொள்வது நின்றுபோகிறது.

இது சின்ன விஷயம் இல்லை. குழுக் கடன் வாங்கி வண்டி எடுக்கிறோம். மாதத் தவணையைக் கட்டுவது நாம். சாவி யார் கையில் இருக்குன்னு பாருங்க! கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போன பிறகும் செம்மேடு, சோளக்காடு என்று எங்கே போனாலும் ஏற்றமும் இறக்கமும்தான். மிளகு மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோகணும், பேங்குக்குப் போகணும் என்றால், இன்னொருத்தருக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அப்போது கேலி பேசியவர்களும் உண்டு. இன்றைக்குப் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

சரி, கிளட்ச் என்றால் என்ன? இன்ஜின் சுற்றும் வேகத்தைக் கியர் வழியாகச் சக்கரத்துக்குக் கொடுக்கும் இடத்தில் சில தட்டுகள் ஒட்டி இருக்கும். இடது கை லீவரை அழுத்தினால் தட்டுகள் விலகும். இன்ஜின் தனி, சக்கரம் தனி. விட்டால் ஒட்டிக்கொள்ளும். சட்டென்று விட்டால் வண்டி எகிறும் அல்லது ஆஃப் ஆகும். மெதுவாக விடும்போது நடுவில் ஓர் இடத்தில் தட்டுகள் பாதி உரசிப் பாதி பிடிக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் "ஹாஃப் கிளட்ச்" என்கிறார்கள். மேட்டில் வண்டி எடுக்கும் வித்தை எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கு.

முதலில் களத்திலோ பள்ளி மைதானத்திலோ பழகுங்கள். முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் நெல் நெல்லாக விடுங்கள். இன்ஜின் சத்தம் கொஞ்சம் அமுங்கும், வண்டி நகரப் பார்க்கும். அங்கேயே கையை நிறுத்தி, திரும்ப அழுத்துங்கள். இப்படி ஐம்பது தடவை செய்தாலும் தப்பில்லை. கைக்கு அந்த இடம் தெரியணும், கண்ணுக்கு இல்லை.

அடுத்து சின்ன மேடு. ஏரிக்கரைச் சரிவு போதும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள், காரணம் இருக்கு. முன் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே வலது கையில். பிரேக்கைப் பிடித்தால் முறுக்க வராது, முறுக்கப் போனால் பிரேக் விட்டுப்போகும். அதனால் மேட்டில் வண்டியை வலது கால் பிரேக்கில் நிறுத்துங்கள். இடது கால் தரையில். உயரம் குறைவான அக்காக்கள் வண்டியை லேசாக இடது பக்கம் சாய்த்தால் கால் எட்டும். முதல் கியர் போட்ட பிறகு இடது காலை ஊன்றுங்கள். கொஞ்சம் முறுக்கி வைத்து, கிளட்சை அந்த இடம்வரை விடுங்கள். இன்ஜின் சத்தம் அமுங்கி, வண்டி முன்னால் இழுக்கும். இழுப்பது தெரிந்த பிறகுதான் கால் பிரேக்கை விடணும். வண்டி பின்னால் வராது. நகர்ந்ததும் இன்னும் கொஞ்சம் முறுக்கி, கிளட்சை முழுசாக விடுங்கள்.

நடு மேட்டில் ஆஃப் ஆகிவிட்டால் பதறிக் கிளட்சை அழுத்தாதீர்கள். அழுத்தினால் சக்கரம் விடுபட்டு உடனே உருளும். முதலில் பிரேக், அப்புறம் கிளட்ச், அப்புறம் ஸ்டார்ட். இந்த வரிசையை மனப்பாடம் பண்ணிக்குங்க.

பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கும்போது சிலர் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்பார்கள். பார்க்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும், ஆனால் தட்டு சூடாகித் தேய்ந்து கருகிய வாடை வரும். செலவு நம்முடையது.

வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் கிளட்ச் பிடித்தால் இழுவை போய் வண்டி உள்பக்கம் சாயும். குறுகலான மலைச் சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழிவிடணும், இது சாலை விதி. இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து உருட்டி வருவது நம்ம பக்கம் பழக்கமாகவே இருக்கு. வேண்டவே வேண்டாம். ஏறின கியரிலேயே, கிளட்சைத் தொடாமல் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது.

புடவை கட்டி ஓட்டுபவர்கள் முந்தானையைச் செருகிக்கொள்ளவும். சுடிதார் என்றால் துப்பட்டாவை முடிச்சுப் போடவும். சங்கிலியிலும் சக்கரத்திலும் சிக்கி விழுந்தவர்கள் உண்டு. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

லைசன்ஸ் எடுக்கும்போது "கியர் உள்ள வண்டி" என்று கேட்டு எடுங்கள். கியர் இல்லாத வண்டிக்கான லைசன்ஸை வைத்துக்கொண்டு பைக் ஓட்ட முடியாது. 18 வயது முடிந்திருக்கணும். முதலில் எல்.எல்.ஆர்., அது 6 மாதம் செல்லும்; 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டப் போகலாம். அதுவரை வண்டியில் எல் போர்டு இருக்கட்டும், பின்னால் சொல்லிக்கொடுப்பவர் மட்டும் உட்காரட்டும்.