சில்லும் மசகும்

1990ஆம் ஆண்டின் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு எரிபொருள் தடைப்பட்ட காலத்தில், நோயாளரையும் விறகையும் பெரும்பாலும் சுமந்தது துவிச்சக்கர வண்டியே. அதன் சில்லு இலகுவிற் சுழல்வது, அச்சைச் சூழ்ந்துள்ள உருக்குக் குண்டுகளால். அவற்றுக்கு எண்ணெய் நன்றோ, கிறீஸ் நன்றோ?

கிறீஸ் என்பது பெரும்பாலும் ஒருவகைச் சவர்க்காரத்தினுள் ஊறிநிற்கும் எண்ணெயே. தனி எண்ணெய் சுழற்சியை எளிதாக்கும்; ஆயின் விரைவில் வழிந்தோடும். கிறீஸோ நிலைத்துநின்று, மாரி நீரையும் மணலையும் தடுக்கும். ஆதலால் குண்டுகளுக்குக் கிறீஸும், சங்கிலிக்கு மெல்லிய இயந்திர எண்ணெயும் பொருந்தும். நல்லெண்ணெய் வேண்டா, காற்றுப்பட்டுப் பிசுபிசுக்கும்.

மணல் கலந்த கிறீஸ் அரம்போல் உருக்கைத் தேய்க்கும். எனவே பழையதை மண்ணெண்ணெயாற் கழுவி, உலர்த்திய பின்னரே புதியதை இடுக. மாரி கழிந்ததும் இதனைச் செய்யும் மாணவன், பாடசாலைக்குப் பிந்தி வருவதற்குச் சில்லின்மேற் பழிபோடான்.